ஃபேன் பேசிய இடம்

மார்ச் 3, செவ்வாய்

உரக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி இது. முதல் இரண்டு மாதப் பக்கங்களில் சொர்ணம் கோலப்புள்ளி வைத்துப் பழகியிருக்கிறாள். மிச்சத்தை நான் கைப்பற்றிவிட்டேன்.

தனியார் பஸ்ஸில் கண்டக்டராகவே காலம் தள்ளியவன் நான். வாய் சும்மா இருக்காது. முன்பெல்லாம் வீட்டில் ஒரு கிண்டலை எடுத்துவிட்டால் சொர்ணத்திடமிருந்து இரட்டிப்பாகத் திரும்பி வரும். போன வருஷம் வந்த காய்ச்சல் போகும்போது அவளுடைய இரண்டு காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மெஷின் வாங்கி மாட்டினோம். "கிரைண்டருக்குள்ள தலைய விட்டாப்ல இருக்கு" என்று கழற்றி ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். கிண்டலை எழுதிக் காட்டினால் ஆறின வடை மாதிரி இருக்கிறது. வாய் அசைவைப் பார்த்துக் கொஞ்சம் புரிந்துகொள்கிறாள். அந்தச் சமயத்தில்தான் என் மீசையையும் எடுத்தேன். அது வெயிலுக்காக எடுத்தது.

ஒரு விஷயம். சொர்ணம் இந்த டைரியைக் கண்டிப்பாக எடுத்துப் படிப்பாள். அவள் எட்டாங்கிளாஸ், நான் ஆறு. அவளுக்குத் தெரியக்கூடாத எதையும் இதில் எழுதப்போவதில்லை. (ஏட்டி, படிக்கிறாய் என்றால், என் கண்ணாடியை எங்கே வைத்தாய்?)

மார்ச் 4, புதன்

கண்ணாடி கிடைத்தது. டைரி மேலேயே இருந்தது.

மார்ச் 5, வியாழன்

சொர்ணத்துக்கு ஒரே அக்கா, பகவதி மதினி. கோவில்பட்டியில் வாக்கப்பட்டவர்கள். இரண்டு பேரும் பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிவிட்டது. காரணத்தைக் கேட்டால் யாரும் சிரிப்பார்கள். மதினி மகன் சங்கரபாண்டியின் கல்யாண வீடியோவில் சொர்ணம் ஒரு இடத்தில்கூட வரவில்லை. மூன்று மணி நேரம் ஓடுகிற வீடியோ. பந்தலில் படுத்திருந்த நாய் இரண்டு தடவை வருகிறது.

"நாய்க்குள்ள மரியாதகூட தங்கச்சிக்கு இல்லயா? அக்காதான் வீடியோக்காரன்ட்ட சொல்லிக்குடுத்து என்னைய விட்டிருக்கா" என்று அன்றைக்குக் கதவைச் சாத்தியவள்தான். இந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் அங்கே போகக்கூடாது என்று சட்டமும் போட்டாள்.

மதினிக்கு நெஞ்சில் கோளாறு வந்து, பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்து, கார்த்திகையில் தவறிவிட்டார்கள். தூக்குகிற நேரத்துக்குத்தான் சொர்ணம் போனாள். கால்மாட்டில் நின்றாள். வந்துவிட்டாள்.

போன வாரம் சங்கரபாண்டி வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். மதினி ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து தங்கச்சிக்குப் பேசியது. அனுப்ப இப்போதுதான் மனசு வந்தது என்று எழுதியிருந்தான்.

சொர்ணம் போனை மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு அந்த வாயையே பார்க்கிறாள். சின்னப் படம், கலங்கல் படம். பிடிபடவில்லை.

"என்ன சொல்லுதா? ஏசுதாளா?"

நான் கேட்டுக் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். கை சும்மா இருந்திருக்கலாம். நடுவில் 'உன் புருஷனைப் போல அழகனை நான் கண்டதில்லை' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

காகிதம் என் மடிக்கே திரும்பி வந்தது. "இதுல எது அக்கா சொன்னது, எது நீங்க சொன்னது? எப்பமும் நக்கலு. ஒங்க எழுத்த நம்பி நான் எப்பிடி அழுவ? அவ வாயி அசையணும், கீழயே எழுத்து வரணும். நம்ம டிவில. சினிமால வருமே, அப்பிடி."

அவள் எதையும் கேட்கிற ஆள் இல்லை. கேட்டுவிட்டாள். செய்தாக வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

முறுக்கு தின்றேன். சொர்ணம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐப்பசி பூரா வியாழக்கிழம ஆனா பாளையங்கோட்ட பல் டாக்டர்ட்டப் போனிய. இப்பம் பல்லு நல்லாத்தான் இருக்கு."

நல்ல டாக்டர் என்று சொன்னேன்.

மார்ச் 9, திங்கள்

மேல ரதவீதியில் பெனிட்டா என்று ஒரு பெண் கடை வைத்திருக்கிறாள். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது தொழில். கல்லூரிக்குப் போகும் பையன் அவளுக்கு இருக்கிறான். சின்னப் பெண்ணாக என் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவள்.

"வாங்க தாத்தா."

"யாரு தாத்தா? கடைக்கு வந்தவன அண்ணாச்சிம்பாவ. நீ தாத்தாங்க. வேற கடை பாக்கட்டுமா?"

"சரி அண்ணாச்சி. ஒங்க மீச எங்க? பஸ்ஸுல பாக்கையில கம்பளிப்பூச்சி கணக்கா இருக்குமே."

"உதுந்துட்டு."

விஷயத்தைச் சொன்னேன். எழுத்தைத் தனி ஃபைலாக வைத்தால் படத்தைத் தொடவே வேண்டாம், டிவியே இரண்டையும் சேர்த்துக் காட்டும் என்றாள். இரண்டு பேரும் உட்கார்ந்து வீடியோவைக் கேட்டோம். மதினி மெதுவாகப் பேசியிருக்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல அவள் டைப் அடித்தாள். ஒரு இடம் வந்தது.

"இந்த எடத்துல 'ஃபேன் சத்தம்'னு போட்டுரு."

"அண்ணாச்சி, இங்கன ஃபேனே சுத்தல. ஆச்சி நல்லாப் பேசுதாவ. எனக்கே கேக்கு."

"சுத்துதுன்னு போடு."

என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். போட்டாள். கடைசியில் மதினி ஏதோ சொல்ல, ஒரு சத்தம் வருகிறது. இரண்டுக்கும் எழுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். (காகிதம் மடிக்குத் திரும்பிய நாளிலிருந்து சொர்ணம் என் எழுத்தைத் தொடுவதில்லை, அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.)

இந்த ஊரில் பெனிட்டா மாதிரி ஒருத்தி இருப்பதற்கு நன்றி. கேள்வியைப் பாதியில் நிறுத்தத் தெரிந்தவள்.

மார்ச் 10, செவ்வாய்

பென்டிரைவை டிவியில் சொருகினேன். மதினி வந்தார்கள். எழுத்து வரவேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வந்தது. எங்கள் டிவிக்குத் தமிழ் தெரியாது போலிருக்கிறது. அதுவும் ஆறாங்கிளாஸாக இருக்கும்.

"அக்கா என்ன, தாயக்கட்டம் வரையுதாளா?" என்றாள் சொர்ணம். இத்தனை நாளுக்குப் பிறகு ஒரு நக்கல். அதற்காகவே டிவிக்கு நன்றி.

மார்ச் 12, வியாழன்

தனி ஃபைல் சரிப்படாது, படத்தோடு எழுத்தை ஒட்டிவிடுவோம், இனி பிரியாது என்றாள் பெனிட்டா. உட்கார்ந்து காபி குடிப்பதற்குள் முடிந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரமா என்று மெச்சினேன். மெச்சியிருக்கக் கூடாது.

வீட்டில் போட்டோம். எழுத்து வந்தது, தமிழில்தான். ஆனால் மதினி முகம் மழையில் ஊறின போஸ்டர் மாதிரி ஆகிவிட்டது. வாயும் மோவாயும் ஒரே பூச்சு. எழுத்தோ வெள்ளை, கட்டில் விரிப்பும் வெள்ளை. பாதி விரிப்போடு போய்விட்டது.

சொர்ணம் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"மூக்குத்தி எங்க?"

எனக்குப் புரியவில்லை.

"எங்க அம்ம மூக்குத்தி. அக்கா அதக் கழத்தவே மாட்டா. தலையத் திருப்புனா மின்னும். இதுல மின்னல. இது யாரோ. எங்க அக்கா இல்ல."

டிவியை அணைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள். மடித்த துணியையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 14, சனி

என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்கிற நாள் எல்லாம் நஷ்டம்தான்.

வெள்ளை எழுத்துதானே தெரியவில்லை, அதன் மேலேயே மஞ்சள் எழுத்தை ஒட்டிவிடு என்று பெனிட்டாவிடம் சொன்னேன். தேர்தல் போஸ்டர் மேல் சினிமா போஸ்டர் ஒட்டுவதில்லையா? அவளுக்கு ஒரு கல்யாண அவசரம். நான் நச்சரித்தேன். ஏற்கெனவே எழுத்து ஒட்டின படத்தையே எடுத்து அதன் மேல் ஒட்டிவிட்டாள்.

மஞ்சளுக்குக் கீழே பழைய வெள்ளை ஆவி மாதிரி எட்டிப் பார்க்கிறது. மதினிக்கு மூக்கே இல்லை. மூக்குத்தியை எங்கே தேடுவது?

திரும்பப் போய்க் காட்டினேன். பெனிட்டா தலையில் கை வைத்துவிட்டாள்.

"நம்ம ரெண்டு பேருமே கூமுட்ட அண்ணாச்சி. வாட்ஸப்புல வந்ததே சுருக்கி அனுப்புனது. அதச் சுருக்கி ஒரு தடவ ஒட்டுனேன். அதுக்கு மேல இன்னொரு தடவ."

அப்போதுதான் விளங்கியது. டிரிப் ஷீட் எழுதும்போது கார்பன் வைப்போம். முதல் தாள் பளிச்சென்று இருக்கும். மூன்றாவது தாளில் ஊர்ப் பெயர் எது என்று சாமிக்குத்தான் தெரியும். நாங்கள் மூன்றாவது தாளை வைத்து நாலாவது எடுத்திருக்கிறோம்.

"எழுத்த ஒட்டணும்னா படத்த ஒருக்காத் திரும்பச் சமைச்சுத்தான் ஆவணும், வேற வழி கெடையாது" என்றாள். "அந்த ஒருக்காவ ஒழுங்காச் செய்யணும். மொதப் படத்துல இருந்து எடுக்கணும், அளவச் சின்னதாக்கப்படாது, அவசரப்படப்படாது. எடுத்த போன் யார்ட்ட இருக்கு?"

"சங்கரபாண்டிட்ட."

"டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க. அப்பிடி அனுப்புனா சுருங்காது."

நேரில் போய் வாங்குவதுதான் மரியாதை என்று சொன்னேன். சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று தெரியவில்லை.

மார்ச் 16, திங்கள்

கோவில்பட்டி போய்வந்தேன். ஒரு கண்டக்டர் டிக்கெட் எடுத்துப் பயணம் போவதைப் போலக் கொடுமை இல்லை. இந்தக் காலத்துப் பையன் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பஸ்ஸைக் கையால் தட்டுகிறான். விசில் எதற்கு, தாயத்தா என்று கேட்டேன். முறைத்தான்.

என் விசில் இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது. எங்கள் தெருமுனையில் பஸ் திரும்பும்போது நான் இரண்டு விசில் கொடுப்பேன். அங்கே நிறுத்தமும் கிடையாது, ஏறுவாரும் கிடையாது. டிரைவர் தினமும் திட்டுவார். சொர்ணம் அடுக்களை ஜன்னல் கம்பியில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டுவாள். சோறு தயார் என்று அர்த்தம்.

சங்கரபாண்டி வாசலுக்கே வந்துவிட்டான். "வாங்க சித்தப்பா" என்று கையைப் பிடித்துக்கொண்டவன் விடவில்லை. பழைய போனைக் கொடுத்துப் புதுசு வாங்க வெள்ளிக்கிழமை கடைக்குப் போகவிருந்தானாம். உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துத்தான் எடுத்துக்கொள்வார்களாம். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் திங்கள்கிழமையை வைத்தவனுக்கு நன்றி.

பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். இத்தனூண்டு வீடியோ பென்டிரைவில் பாதி இடத்தை அடைத்தது. எனக்கு அதுவே பெரிய திருப்தி.

"சித்திட்டச் சொல்லிட்டியளா சித்தப்பா?"

"எத?"

"சரி, விடுங்க" என்றான். பஸ் ஏற்றிவிடும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டான். கோவில்பட்டியில் தூசி அதிகம்.

மார்ச் 18, புதன்

பெனிட்டா கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை அவளும் அவசரப்படவில்லை. மஞ்சள் எழுத்து, சுற்றிக் கறுப்பு விளிம்பு. எழுத்து எல்லாம் மதினியின் கைகளுக்குக் கீழே, விரிப்பின் மேல். முகத்தில் ஒரு புள்ளிகூட விழக்கூடாது. படத்தின் தரத்துக்கு ஏதோ ஒரு நம்பர் இருக்கிறதாம். அதை நன்றாக இறக்கி வைத்தால் ஃபைல் பெருசாகும், படம் நிற்கும். சத்தத்தைத் தொடவே இல்லை, அப்படியே எடுத்து வைத்துவிட்டாள்.

கம்ப்யூட்டர் உலை வைத்த மாதிரி இரைந்துகொண்டே இருந்தது.

"இன்னுமா வேவுது? காளமாட்டுக் கறியா?"

"நீங்க கெளப்பிவிட்டு நான் ரெண்டு தடவ கெட்டாச்சு. வாயப் பொத்திக்கிட்டு இருங்க அண்ணாச்சி."

முடிந்ததும் போட்டுக் காட்டினாள். மதினி தலையைத் திருப்பினார்கள். ஒரு மின்னல். நான் "ஏ!" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

பெனிட்டா ஃபேன் வருகிற இடத்தில் படத்தை நிறுத்தினாள். "அண்ணாச்சி, படம் இப்பம் நல்லாத் தெளிஞ்சுட்டு. வாயி தெரியுது. இத இப்பிடியே விடவா?"

விடு என்று சொன்னேன்.

மார்ச் 19, வியாழன்

கரண்டு போகாமல் காப்பாற்றின மின்சாரக்காரர்களுக்கு நன்றி.

சொர்ணம் டிவிக்கு முன்னால் பலகை போட்டு உட்கார்ந்தாள். மதினி வந்தார்கள். மூக்குத்தி மின்னியது. அவள் கை தன்னாலே தன் மூக்கைத் தொட்டுக்கொண்டது.

மதினி கல்யாண வீடியோ விஷயத்துக்கு வந்தார்கள். எழுத்து ஒவ்வொன்றாக வந்தது.

"வீடியோக்காரன் வாரவங்களத்தான புடிப்பான்? நீ வாரவளா? விடிஞ்சதுல இருந்து அடுக்களைல நின்னு பந்திக்கு அள்ளிக் குடுத்துக்கிட்டுக் கெடந்த. அவன் உள்ள வரப்போனான். நான்தான், அங்கன போவாத, அது எங்க வீட்டு ஆளுவ வேல செய்யுத எடம்னு சொன்னேன். ஒன்னைய ஒதுக்கல தாயி. வீட்டாளுன்னு நெனச்சேன்."

சொர்ணம் அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னாள். திரும்பவும். பிறகும்.

"ஆமா, அடுக்களைலதான் நின்னேன்" என்றாள். "காலைல இருந்து வெளிய வரவே இல்ல. அன்னைக்கு வடைக்கு எண்ண நான்தான் காய வச்சேன்." அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் ஒரே டிக்கெட்.

ஃபேன் வந்தது, போனது. அவள் கண்ணில் தண்ணீர் இருந்ததால் கவனிக்கவில்லை.

பெனிட்டாவின் வீட்டுக்கு ஒரு தூக்கு நிறைய அதிரசம் போகிறது. வழியில் நான் இரண்டு தின்றால் யாருக்குத் தெரியும்?

மார்ச் 20, வெள்ளி

தெரிந்துவிட்டது. எண்ணி வைத்திருக்கிறாள்.

மார்ச் 23, திங்கள்

தினமும் காலை வேலை முடிந்ததும் அக்காவோடு உட்கார்ந்துவிடுகிறாள். இப்போது எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு வாயை மட்டும் பார்க்கிறாள். தானே சொல்லிப் பார்க்கிறாள். கையை எடுத்து எழுத்தோடு சரிபார்க்கிறாள். சரியாக இருந்தால் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குகிறாள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை தோற்றது.

காது போன பிறகு அவளிடம் இவ்வளவு சுறுசுறுப்பைப் பார்த்ததில்லை. சந்தோஷமாக இருக்கிறது. கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

மார்ச் 25, புதன்

மாட்டிக்கொண்டேன்.

படத்தை நிறுத்தி வைத்திருந்தாள். கீழே 'ஃபேன் சத்தம்' என்று மஞ்சளாக எழுதியிருந்தது. மேலே மதினி வாய் பாதி திறந்தபடி.

"இங்க வாங்க. இந்த ஃபேனு எவ்வளவு நேரமாப் பேசுது?"

"பழைய ஃபேனு" என்று வாயசைத்தேன்.

"ஃபேனு 'சோறு'ன்னு சொல்லுது. ரெண்டு தடவ சொல்லுது. 'கண்டக்டரு'ன்னு சொல்லுது. கடசில சிரிக்குது. எந்த ஊரு ஃபேனு சிரிக்கும்?"

நான் வாயைக் கையால் மூடிக்கொண்டேன். மீசை இருந்திருந்தால் கொஞ்சம் ஒளிந்துகொள்ளலாம்.

"மிச்சம் புரியல. மிச்சம் எனக்கு வேணும். அக்கா எனக்குச் சொன்னத நீங்க எதுக்குப் பிடிச்சு வச்சிருக்கிய?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஒரு நக்கலைப் போட்டுத் தப்பியிருப்பேன். கோபமாகக் கேட்கவில்லை.

மார்ச் 26, வியாழன்

இனி மறைத்து எழுதிப் பிரயோஜனம் இல்லை. சொர்ணம், நீ படித்தாலும் படி.

என் பல்லுக்கு ஒரு கேடும் கிடையாது. மதினி பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் வியாழக்கிழமைதோறும் அங்கேதான் போனேன். பல் டாக்டரிடம் கூட்டம், மத்தியானம் ஆகிவிடும் என்று உன்னிடம் சோறு கட்டி வாங்கிக்கொண்டேன். உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல். மதினிக்கு உப்பு ஆகாது என்றார்கள். பல்லுக்கு உப்பு ஆகாது என்று உன்னிடம் சொன்னேன். ஓட்டல் சோறு என்று மதினியிடம் சொன்னேன்.

ஃபேன் பேசியது இதுதான்:

"ஒன் வீட்டுக்காரரு வாராவாரம் சோறு கொண்டாராரு. ஓட்டல் சோறாம். பூண்டத் தோலோட தட்டிப்போட்ட உளுந்தஞ்சோறு எந்த ஓட்டல்ல போடுதான்? நம்ம அம்ம செய்யுத மாதிரிச் செய்ய நீ ஒருத்திதான இருக்க. கண்டக்டரு நல்லா நடிக்காரு. நீ குடுத்துவிட்டன்னு தெரிஞ்சுதான் நான் அந்தச் சோறு தின்னேன். இல்லன்னா எறங்கியிருக்காது. வயிறு நெறஞ்சுட்டு சொர்ணம்."

என் புகழுக்கு வெட்கப்பட்டு மறைத்தேன் என்று பெனிட்டா நினைத்திருப்பாள். அது இல்லை. மதினி நீ கொடுத்துவிட்டதாக நம்பித் தின்றார்கள். நீயோ எனக்குக் கட்டிக் கொடுத்தாய். 'நான் அக்காவுக்குக் குடுத்துவிடலயே' என்று நீ உட்கார்ந்துவிட்டால் எப்படி எழுப்புவேன்? அதற்குத்தான் ஃபேனைச் சுற்றவிட்டேன்.

இன்று சொர்ணம் டைரியைத் தொடவில்லை. மேஜை மேலேயே திறந்து வைத்துப் பார்த்தேன். "நீங்க எழுதுனத நான் படிக்க மாட்டேன். அக்கா வாயிக்குக் கீழ வரட்டும், படிக்கேன்" என்றாள்.

மார்ச் 28, சனி

பெனிட்டாவிடம் போய், ஃபேனை நிறுத்து என்று சொன்னேன்.

"அன்னைக்கே டைப் அடிச்சு வச்சுட்டேன் அண்ணாச்சி. நீங்க வருவியன்னு தெரியும்."

"அப்பம் ஒட்டுன படத்துல அந்த இடத்த மட்டும்…"

"திரும்பவுமா? மேல ஒட்டுத வேலையே கெடையாது. மொதப் படத்துல இருந்து முழுசாத்தான்."

உலை கொதிக்கத் தொடங்கியது. நான் ஓரத்தில் உட்கார்ந்து, மதினி என்னைப் பற்றிச் சொன்ன இடத்தில் 'அழகான கண்டக்டரு' என்று ஒரு சொல் சேர்த்தால் என்ன என்று மெதுவாகக் கேட்டேன். பெனிட்டா எழுந்து போய்க் கடைக் கதவைத் திறந்து வெளியே கையைக் காட்டினாள்.

மார்ச் 30, திங்கள்

இன்று காலை போட்டோம். நான் டிவியைப் பார்க்கவில்லை. சொர்ணத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இடம் வந்தது. மஞ்சள் எழுத்தின் வெளிச்சம் அவள் கண்ணாடியில் ஓடியது. உதடு கூடவே அசைந்தது. 'வயிறு நெறஞ்சுட்டு' வந்தபோது நின்றுவிட்டது. நான் அவள் கையைப் பிடித்தேன். நீ கவலைப்படாதே, உன் கைச்சோறுதானே என்று வாயசைக்க ஆரம்பித்தேன்.

"அக்கா சரியாத்தான் சொல்லுதா" என்றாள். "குடுத்துதான விட்டேன்."

"எப்பம்?"

"பல் டாக்டரு உப்பக் கொறைக்கச் சொல்லுவாராக்கும்? ரெண்டாவது வாரமே தெரியும். ஒரு ஆளு சோறுன்னு கேட்டிய, நான் ரெண்டு ஆளுக்கு வச்சேன். தோலோட பூண்டு போட்டு நான் என்னைக்கு ஒங்களுக்குச் செஞ்சிருக்கேன்? ஒங்களுக்கு அது தொண்டையில குத்தும்னு ஏசுவியளே. அக்காவுக்குத்தான் போட்டேன். திரும்பி வார தூக்குச் சட்டியக் கழுவும்போது தொடச்சாப்ல இருக்கும். திங்காளேன்னு இருக்கும்."

சட்டைப் பையில் விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"பெறகு ஏன் நீ போவல?" என்று கேட்டேன்.

"நான் போட்ட சட்டம். நானே எப்பிடி மீற? அதான் நீங்க மீறுனியளே. மீறுவியன்னு தெரியும்." என் மேலுதட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். "வெயிலுக்கு மீச எடுத்த ஆளுதான நீங்க."

டிவியில் மதினி இன்னும் இருந்தார்கள். கடைசி இடம். சங்கரபாண்டி போனைப் பிடித்திருக்க, நான் கட்டில் பக்கத்தில் படத்தில் விழாமல் நின்றிருந்தேன். "கண்டக்டரே, நேரமாச்சு, வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்று மதினி கையை ஆட்டினார்கள். அதையும், அதற்கு நான் செய்ததையும் எழுத வேண்டாம் என்று பெனிட்டாவிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். அவள் கேட்கவில்லை. மஞ்சள் எழுத்தில், கறுப்பு விளிம்போடு வந்தது:

(ரெண்டு விசில்)

மதினி சிரித்தார்கள். மூக்குத்தி மின்னியது. படம் முடிந்தது.

சொர்ணம் எழுந்து அடுக்களைக்குப் போனாள். அழப் போகிறாள், தனியாக இருக்கட்டும் என்று நான் டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜன்னல் கம்பியில் கரண்டி இரண்டு தட்டுத் தட்டியது.

போய் உட்கார்ந்தேன். உளுந்தஞ்சோறு, தோலோடு தட்டின பூண்டு. தொண்டையில் குத்தியது. உப்பு சரியாக இருந்தது.